வழக்கில் பெயர் இல்லாதவர்களின் மைதானம்

(திருவதிகையில் இளைஞர்கள் கூட்டிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



கால்பந்து ரசிகர்களும் மைதான வழக்குகளும் என்று தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். தலைப்பைக் கேட்டதும், பண்ருட்டி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு இதை ஏன் பேச வேண்டும் என்று சிலர் சிரித்தார்கள். நம் தமிழ்நாட்டில் ஒரு கால்பந்துக் கிளப் புது ஸ்டேடியம் கட்டி, அது வழக்கில் மாட்டி, ரசிகர்கள் சண்டை போட்ட கதை கிடையாது. சென்னையின் எஃப்சி இரண்டு முறை ஐஎஸ்எல் கோப்பையை வாங்கியிருக்கிறது. ஆனால் அது ஆடுவது அரசுக்குச் சொந்தமான நேரு ஸ்டேடியத்தில். சொந்த மைதானம் இல்லாத கிளப்புக்கு மைதான வழக்கு எங்கிருந்து வரும்?

ஆனால் அதே போன்ற ஒரு வழக்கை உங்களில் பாதிப் பேர் வருடக்கணக்கில் பேசியிருக்கிறீர்கள். சேப்பாக்கம் ஐ, ஜே, கே ஸ்டாண்டு. டீக்கடையில் பேசியிருக்கிறீர்கள், பஸ்ஸில் பேசியிருக்கிறீர்கள், மஞ்சள் ஜெர்சி போட்டுக்கொண்டு திட்டியிருக்கிறீர்கள். நானும் திட்டியிருக்கிறேன். ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

2011 உலகக் கோப்பைக்காக சேப்பாக்கம் மைதானம் புதுப்பிக்கப்பட்டது. வெள்ளைக் கூரை போட்ட புது ஸ்டாண்டுகள் வந்தன. அதில் ஐ, ஜே, கே என்ற மூன்று ஸ்டாண்டுகள், ஏறக்குறைய 12 ஆயிரம் இருக்கைகள், 2012 முதல் பூட்டிக் கிடந்தன. கட்டட அனுமதிச் சிக்கல், கட்டடங்களுக்கு நடுவே விட வேண்டிய இடைவெளி, ஒட்டி நின்ற மெட்ராஸ் கிரிக்கெட் கிளப்பின் உடற்பயிற்சிக் கூடம் என்று விஷயம் நீண்டது. மாநகராட்சி, கிரிக்கெட் சங்கம், கிளப், நீதிமன்றம் என்று சுற்றிச் சுற்றி வந்தது. டிவியில் சென்னை மேட்ச் பார்த்தவர்களுக்குத் தெரியும்: மைதானமே மஞ்சளாக இருக்கும், மூன்று ஸ்டாண்டு மட்டும் பொக்கைவாய் மாதிரி காலியாக இருக்கும்.

2016 உலக டி20 கோப்பையில் சென்னைக்கு ஆண்கள் ஆட்டம் ஒன்றுகூட வரவில்லை. பெண்கள் ஆட்டங்கள்தான் வந்தன. 2019இல் ஐபிஎல் இறுதிப் போட்டி சென்னையில் நடக்க வேண்டியது. ஸ்டாண்டுகளைத் திறக்க அனுமதி கிடைக்கவில்லை என்று ஐதராபாத்துக்கு மாற்றினார்கள். அந்த இறுதிப் போட்டியில் சென்னை அணி மும்பையிடம் ஒரே ஒரு ரன்னில் தோற்றது. "நம்ம கிரவுண்டா இருந்தா ஜெயிச்சிருப்போம்" என்று அன்றைக்குச் சொல்லாத ரசிகர் உண்டா?

கடைசியில் அந்த உடற்பயிற்சிக் கூடம் இடிக்கப்பட்டது. 2021 பிப்ரவரியில் இங்கிலாந்துக்கு எதிரான டெஸ்டின்போது ஸ்டாண்டுகள் திறந்தன. அதற்குப் பிறகு பழைய பெவிலியனும் போய், 2023 மார்ச்சில் கலைஞர் பெயரில் புது ஸ்டாண்டு வந்தது. படம் சுபமாக முடிந்தது.

இந்தப் பத்து வருடங்களில் ரசிகர்கள் என்ன விவாதித்தார்கள் என்று நினைத்துப் பாருங்கள். ஒரு கட்சி, எல்லாம் அரசியல் பழிவாங்கல் என்றது. இன்னொரு கட்சி, சங்கத்தில் இருக்கும் பணக்காரர்கள் விதியை மீறிக் கட்டினார்கள், அனுபவிக்கட்டும் என்றது. மூன்றாவது கட்சி, யார் தப்பாக இருந்தாலும் எங்களுக்கு டிக்கெட் வேண்டும் என்றது. மூன்று பேரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: எப்போது திறக்கும்?

அந்த இடம் யாருடையது, அது இவர்கள் கைக்கு எப்படி வந்தது என்று கேட்டவர்கள் குறைவு.

தோழர்களே, எந்த வழக்கை எடுத்தாலும் அதன் முதல் பக்கத்தில் பெயர்கள் இருக்கும். மனுதாரர் இன்னார், எதிர்மனுதாரர் இன்னார் என்று. நான் நிலப் பதிவேடுகளைப் பற்றி ஆய்வு செய்கிறவன். இந்த வேலையில் நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான். வழக்கு எதைப் பற்றியது என்று பார்ப்பதற்கு முன்னால் முதல் பக்கத்துப் பெயர்களைப் படிக்க வேண்டும். யார் பெயர் இருக்கிறது என்று மட்டும் பார்த்தால் போதாது, யார் பெயர் இருந்திருக்க வேண்டும், இல்லை என்றும் பார்க்க வேண்டும். இன்றைக்கு நான் சொல்ல வந்தது முழுவதும் அவ்வளவுதான்.

சேப்பாக்கத்துக்கு அந்தக் கணக்கைப் போடுவோம். அந்தப் பகுதி ஆற்காடு நவாபின் அரண்மனை வளாகத்தைச் சேர்ந்தது. 1855இல் நவாப் வாரிசு இல்லாமல் இறந்ததும் கம்பெனி ஆட்சி அதை எடுத்துக்கொண்டது. 1846இல் வெள்ளையர்கள் ஆரம்பித்த மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் 1860களில் அங்கே குடியேறியது. வெள்ளையருக்கு மட்டுமான கிளப் அது. ஆட வந்த இந்தியர்கள் மதியச் சாப்பாட்டைப் பெவிலியனுக்குள் சாப்பிட முடியாது, மரத்தடியில்தான் சாப்பிட வேண்டும். இந்த அவமானத்தைப் பொறுக்காமல்தான் புச்சிபாபு நாயுடு 1888இல் இந்தியர்களுக்கென்று மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கினார். தமிழ்நாட்டுக் கிரிக்கெட் வரலாற்றில் இதைப் பெருமையாக எழுதுவார்கள். எழுதட்டும், அது பெருமைக்குரிய எதிர்ப்புதான்.

ஆனால் மரத்தடியில் சோறு போட்டால் அவமானம் என்று கண்டுபிடித்த அதே சமூகம், அதே ஆண்டுகளில், தன் வீட்டில் யாருக்கு எங்கே சோறு போட்டது? யாரைத் திண்ணைக்குக்கூட வரவிடவில்லை? நிறத்தால் ஒதுக்கப்பட்டவர்கள் தங்களுக்கென்று ஒரு கிளப் கட்டினார்கள். அவர்களிடம் காசு இருந்தது, இடம் வாங்கும் செல்வாக்கு இருந்தது. சாதியால் ஒதுக்கப்பட்டவர்களுக்கு அந்த இரண்டு கிளப்பிலும் என்ன வேலை இருந்திருக்கும்? புல் வெட்டுவது, ரோலர் இழுப்பது, எல்லைக்கு வெளியே போன பந்தை எடுத்துப் போடுவது.

யூகமாகச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். புனேயில் இது பெயரோடு நடந்தது. பல்வாங்கர் பாலு, சமார் சமூகத்தில் பிறந்தவர். வெள்ளையர் கிளப்பில் மைதானத்தைப் பராமரிக்கும் வேலை. வெள்ளைக்கார மட்டையாளர்களுக்கு வலைப் பயிற்சியில் பந்து வீசி வீசியே இந்தியாவின் முதல் பெரிய சுழற்பந்து வீச்சாளர் ஆனார். இந்துக்கள் அணிக்கு அவர் தேவைப்பட்டார். சேர்த்துக்கொண்டார்கள். களத்தில் அவர் தொட்ட பந்தை எல்லோரும் தொட்டார்கள். தேநீர் இடைவேளை வந்தால் மற்றவர்களுக்குப் பெவிலியனுக்குள் பீங்கான் கோப்பை, அவருக்கு வெளியே மண் குவளை. 1911இல் இங்கிலாந்து போய் நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்துவிட்டு வந்தார். கடைசி வரை கேப்டன் பதவி தரவில்லை. அவர் தம்பி விட்டல் 1923இல் இந்துக்கள் அணிக்குக் கேப்டன் ஆனபோதுதான் அந்தக் குடும்பத்துக்கு அந்த நியாயம் கிடைத்தது.

நாம் இருப்பது திருவதிகை. அப்பர் உழவாரம் பிடித்த ஊர் என்று பெருமைப்படுகிறோம். கோயில் மண்ணைச் செதுக்கிச் சுத்தம் செய்ததற்காக அவரைச் சிலையாக வைத்து, கையில் அந்தக் கருவியையும் கொடுத்துக் கும்பிடுகிறோம். மண்ணைச் சீர் செய்வது அவ்வளவு உயர்ந்த வேலை என்றால், ரோலர் இழுத்த பாலுவுக்கு ஏன் வெளியே மண் குவளை? வேலைக்கு மரியாதை என்பது யார் செய்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. சாதி என்பது அதுதானே?

இப்போது கால்பந்துக்கு வருகிறேன். தலைப்புக்கு நியாயம் செய்ய வேண்டும். லண்டனில் இரண்டு கிளப்புகள், இரண்டு வழக்குகள். உங்களில் பிரீமியர் லீக் பார்ப்பவர்களுக்கு முதல் பெயர் தெரியும்: டாட்டன்ஹாம்.

டாட்டன்ஹாம் கிளப் பழைய மைதானத்தை இடித்துவிட்டுப் பெரிய ஸ்டேடியம் கட்டத் திட்டமிட்டது. கட்ட வேண்டிய இடத்தில் ஆர்ச்வே என்ற சிறிய இரும்புத் தகடுப் பட்டறை இருந்தது. ஒரு குடும்பம் நடத்திய பட்டறை. மற்ற இடங்களையெல்லாம் கிளப் வாங்கிவிட்டது, இவர்கள் மட்டும் மறுத்தார்கள். உள்ளூர் கவுன்சில் கிளப்புக்காகக் கட்டாயக் கையகப்படுத்தல் உத்தரவு கொண்டுவந்தது. 2011இல் கலவரம் வெடித்த ஏழைப் பகுதி அது; ஸ்டேடியம் வந்தால் பகுதி வளரும், அது பொது நலன் என்றார்கள். 2014 ஜூலையில் அமைச்சர் ஒப்புதல் கொடுத்தார். அந்தக் குடும்பம் உயர் நீதிமன்றம் போனது. 2015 பிப்ரவரியில் தோற்றது. 2019 ஏப்ரலில் 60 ஆயிரத்துக்கும் மேற்பட்ட இருக்கைகளோடு ஸ்டேடியம் திறந்தது.

நம் நெய்வேலிக்காரர்களுக்கு இந்தக் கதையில் எந்த வார்த்தையும் புதிதாக இருக்காது. கையகப்படுத்தல், பொது நலன், வளர்ச்சி, இழப்பீடு. நாடு மாறினாலும் அகராதி மாறவில்லை. ரசிகர்களில் பலர் அந்தப் பட்டறைக் குடும்பத்தைத் தங்கள் கிளப்பின் வழியில் கிடந்த கல்லாகத்தான் பார்த்தார்கள். கிளப் முதலாளியின் வியாபாரத் திட்டத்தை ரசிகர் தன் சொந்த ஆசையாக எடுத்துக்கொள்கிறார். முதலாளிக்குச் சம்பளம் வாங்காத வழக்கறிஞர் ஆகிவிடுகிறார்.

இரண்டாவது கிளப் மில்வால். இதன் ரசிகர்களுக்கு இங்கிலாந்தில் நல்ல பெயர் கிடையாது. அடிதடி, இனவெறி என்று அவர்கள்மேல் பழைய கணக்கு நிறைய இருக்கிறது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் இவர்கள் வழக்கு தலைகீழ். இவர்களுடைய மைதானத்தைச் சுற்றியிருந்த நிலத்தைக் கவுன்சில் கட்டாயமாக எடுத்து ஒரு கட்டுமான நிறுவனத்துக்குக் கொடுக்கப் பார்த்தது. 2016 செப்டம்பரில் கவுன்சிலின் அமைச்சரவை அதற்கு ஒப்புதலே கொடுத்துவிட்டது. ரசிகர்கள் என்ன செய்தார்கள்? அந்த நிறுவனத்தைத் தொடங்கியவர் யார், கவுன்சிலோடு அவருக்கு முன்பு என்ன தொடர்பு, யாருடைய வீடு போகிறது, எத்தனை வீடு ஏழைகளுக்குக் கிடைக்கும் என்று கேட்க ஆரம்பித்தார்கள். அந்தப் பகுதியில் வீடு இழக்கப்போகிறவர்களும் பத்திரிகையாளர்களும் சேர்ந்துகொண்டார்கள். 2017 ஜனவரியில் கவுன்சில் திட்டத்தைக் கைவிட்டது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டு இடத்திலும் ரசிகர்கள் தங்கள் கிளப்பை நேசித்தார்கள். ஒரு இடத்தில் அந்த நேசம் ஒரு சிறு பட்டறையைக் காலி செய்யத் துணை நின்றது. இன்னொரு இடத்தில் நிலம் யார் கைக்குப் போகிறது என்ற கேள்வியைத் தெருவுக்குக் கொண்டுவந்தது. மில்வால்காரர்கள் புத்தர்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்கள் மைதானமே பறிபோகும் நிலை வந்ததால்தான் கேட்டார்கள். தன் தலையில் இடி விழும்போது கேட்பது யாருக்கும் இயல்பு. அடுத்தவர் தலையில் விழும்போது, அதுவும் நம் கிளப்புக்காக விழும்போது கேட்கிறோமா என்பதுதான் பரீட்சை.

இந்தியாவில் அந்தப் பரீட்சை 2010இல் வந்தது. டெல்லி காமன்வெல்த் போட்டி. ஊழல் என்றதும் உங்களுக்கு நினைவுக்கு வருவது கல்மாடி பெயர்தான். ஆனால் அதில் இன்னொரு கணக்கு உண்டு. பட்டியல் சாதி மக்களுக்கான சிறப்புக் கூறுத் திட்ட நிதியிலிருந்து டெல்லி அரசு ஏறக்குறைய 744 கோடி ரூபாயை அந்தப் போட்டிக்கான வேலைகளுக்குத் திருப்பியது. தகவல் அறியும் உரிமைச் சட்டம் மூலம் வீட்டுரிமை, நில உரிமை அமைப்பினர் இதை வெளியே கொண்டுவந்தார்கள். தலித் அமைப்புகள் போராடின. அன்றைய உள்துறை அமைச்சர் மாநிலங்களவையில் நிதி திருப்பப்பட்டதை ஒப்புக்கொண்டார். பள்ளி விடுதிக்கும் உதவித்தொகைக்கும் போக வேண்டிய காசு ஸ்டேடியத்துக்கும் மேம்பாலத்துக்கும் போனது. அந்தப் போட்டியில் இந்தியா 38 தங்கம் வாங்கியபோது நாம் எல்லோரும் கைதட்டினோம். கைதட்டியது தப்பு என்று சொல்லவில்லை. கைதட்டிய மேடையில் யாருடைய காசு கிடக்கிறது என்று தெரிந்துகொண்டு தட்ட வேண்டும் என்கிறேன்.

சரி, நம் ஊருக்கு வருவோம். 1956இல் நெய்வேலி நிறுவனம் தொடங்கியது. நாட்டுக்கு மின்சாரம் கிடைத்தது. அழகான நகரியம் வந்தது. வட்டம் வட்டமாக வீடு, மரம், பள்ளி, பாரதி விளையாட்டரங்கம். உள்ளே ஓடிய பிள்ளைகளுக்கு நல்ல தரை கிடைத்தது. அந்தத் தரைக்கும் சுரங்கத்துக்கும் கீழே இருந்த கிராமங்களின் கதையை இங்கே வந்திருக்கும் பெரியவர்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். 2023 ஜூலையில் வளையமாதேவியில் கதிர் பிடித்த நெல்லுக்குள் இயந்திரத்தை இறக்கிக் கால்வாய் வெட்டியதை நாமெல்லாம் பார்த்தோம். வழக்கு உயர் நீதிமன்றம் போனது. பயிருக்கு ஏக்கருக்கு 40 ஆயிரம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னார்கள்.

நான் விவசாயிகளின் பக்கம்தான். அந்தப் பயிரை அழித்தது அநியாயம். அதைச் சொல்லிவிட்டு இதையும் கேட்கிறேன்: இழப்பீடு ஏக்கர் கணக்கில் வருகிறது. ஏக்கரே இல்லாதவர் எந்தக் கட்டத்தில் வருவார்? அந்த வயலில் நாற்று நட்டவர், களை பறித்தவர், பத்து நாளில் அறுப்புக் கூலி வரும் என்று கடையில் கடன் சொல்லியிருந்தவர், சேரியிலிருந்து காலையில் போன பெண், அவர் பெயர் வழக்கின் முதல் பக்கத்தில் எங்கே? 2013ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தல் சட்டம், நிலம் இல்லாமல் அதில் வேலை செய்து பிழைக்கும் விவசாயக் கூலிக் குடும்பத்தையும் பாதிக்கப்பட்ட குடும்பம் என்றே வரையறுக்கிறது. மூன்று வருடம் அங்கே வேலை செய்திருந்தால் போதும். சட்டத்தில் அந்த வரி வருவதற்குப் பல மாநிலங்களில் பல மக்கள் போராட்டங்கள் தேவைப்பட்டன. ஆனால் ஒரு நிறுவனத்தோடு பேச்சுவார்த்தை என்று மேசை போட்டால், நாற்காலி முதலில் பட்டா வைத்திருப்பவருக்குத்தான் போடப்படுகிறது.

அப்படியானால் பட்டா கிடைத்தால் எல்லாம் சரியாகிவிடுமா? அதையும் நம் வரலாறு சோதித்துப் பார்த்துவிட்டது. 1891இல் செங்கல்பட்டு கலெக்டர் திரமென்கீர் பறையர்களின் நிலைமை பற்றி அறிக்கை எழுதினார். 1892இல் அரசு ஆணை வந்தது. பஞ்சமி நிலம் என்று ஒதுக்கினார்கள். மற்றவர்களுக்கு விற்க முடியாது என்று நிபந்தனையும் போட்டார்கள். காகிதம் பக்காவாக இருந்தது. நிலம் எங்கே? 1994 அக்டோபரில் காரணையில் அந்த நிலத்தைக் கேட்டுப் போராடியபோது ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிரைக் கொடுத்தார்கள். காகிதம் வேண்டும். காகிதத்தைப் பேச வைக்கும் கூட்டமும் வேண்டும். இரண்டில் ஒன்று மட்டும் இருந்தால் ஒதுக்கிவிடுவார்கள்.

இப்போது உங்கள் விளையாட்டுக்கு வருகிறேன். இங்கே சுற்று வட்டாரக் கிராமங்களிலிருந்து வந்திருக்கும் தம்பிகளைக் கேட்கிறேன். உங்கள் ஊரில் எங்கே விளையாடுகிறீர்கள்? ஏரி உள்வாயில். அறுப்பு முடிந்த கழனியில். முந்திரித் தோப்பு ஓரத்தில். கெடிலத்து மணலில். மழை வந்தால் மைதானம் தண்ணீருக்குள், நடவு வந்தால் மைதானம் பயிருக்குள். ஊர்ப் பக்கம் பள்ளிக்கூட மைதானம் இருக்கும். சனி ஞாயிறு அங்கே போனால் ஒரு பார்வை பார்ப்பார்கள். பொங்கல் டோர்னமென்ட் என்று நோட்டீஸ் அடிப்பார்கள், காலனி டீமுக்குக் கேட்டால் "என்ட்ரி முடிஞ்சு போச்சு தம்பி" என்பார்கள். என் சொந்த ஊரிலும் அப்படித்தான். நல்ல கோல் கீப்பர் எங்கள் தெருவில் இருந்தால், அவனை மட்டும் இரவல் வாங்கிக்கொள்வார்கள். கோப்பை வாங்கிய அன்று கறிவிருந்துக்கு அவனுக்கு அழைப்பு வராது. பாலுவின் மண் குவளை புனேயோடு போய்விடவில்லை.

இது சின்ன விஷயம், விளையாட்டுதானே என்று சொல்பவர்களுக்கு ஒரு செய்தியை நினைவூட்டுகிறேன். 2023 ஜூனில் குஜராத் பாட்டன் மாவட்டத்தில் ஒரு கிரிக்கெட் ஆட்டத்தின்போது உருண்டு வந்த பந்தை ஒரு தலித் சிறுவன் எடுத்தான். அதற்காக அவனை மிரட்டினார்கள். தட்டிக் கேட்ட குடும்பத்தில் ஒருவரின் கட்டைவிரலை வெட்டினார்கள். பந்தை எடுத்ததற்குக் கட்டைவிரல். மைதானம் யாருடையது என்ற கேள்வி எவ்வளவு பெரிய கேள்வி என்று வெட்டியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. நமக்குத்தான் அது சின்ன விஷயமாகத் தெரிகிறது.

என்ன செய்யலாம் என்று கேட்பீர்கள். மூன்று வேலைகளைச் சொல்கிறேன்.

ஒன்று, உங்கள் ஊர்ப் புறம்போக்குகளின் கணக்கை எடுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேடு இருக்கிறது. எது மந்தை, எது களம், எது பாதை, எது தோப்பு என்று புல எண்ணோடு இருக்கும். நீங்கள் விளையாடும் இடம் அதில் என்னவென்று எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். கொடுக்க மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாயோடு மனு போடுங்கள். நாளைக்கு அந்த இடத்தில் ஒரு குடோனோ மண்டபமோ வரும்போது "நாங்கள் ரொம்ப நாளாக இங்கேதான் விளையாடினோம்" என்று சொன்னால் எடுபடாது. இன்றைக்கே எழுத்தில் இருக்க வேண்டும்.

இரண்டு, கிராம சபையில் தீர்மானம் வையுங்கள். ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. ஜனவரி 26இல் மிட்டாய் வாங்கிக்கொண்டு திரும்பாமல், இந்தப் புல எண்ணில் உள்ள இடத்தைப் பொது விளையாட்டு மைதானமாக ஒதுக்க வேண்டும், ஊரும் சேரியும் சமமாகப் பயன்படுத்த வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். சேரிக்குத் தனி மைதானம் கேட்கச் சொல்லவில்லை. தனிச் சுடுகாடு மாதிரி தனி மைதானம் கொடுத்துக் கணக்கை முடித்துவிடுவார்கள். அரசமைப்புச் சட்டத்தின் 15ஆவது உறுப்பு, அரசுப் பணத்தில் பராமரிக்கப்படும் பொது இடத்தைப் பயன்படுத்தவிடாமல் சாதியின் பெயரால் யாரையும் தடுக்கக் கூடாது என்கிறது. 2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், பொதுச் சொத்து வளங்களைச் சமமாகப் பயன்படுத்த விடாமல் தடுப்பதைக் குற்றம் என்கிறது. பள்ளி மைதானத்தில் பார்க்கிற அந்தப் பார்வைக்கு நம்மிடம் பதில் இருக்கிறது.

மூன்று, இது ரசிகர்களுக்கு. நீங்கள் நேசிக்கும் கிளப், அது எந்த விளையாட்டாக இருந்தாலும், ஒரு மைதானத்தைக் கட்டும்போது அல்லது வழக்கில் சிக்கும்போது, எப்போது திறக்கும் என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். நிலம் யாருடையது? குத்தகை என்ன? யார் காலி செய்யப்பட்டார்கள்? அவர்களை எங்கே கொண்டுபோய்ப் போட்டார்கள்? சென்னையில் கூவம் கரையிலும் பக்கிங்காம் கால்வாய்க் கரையிலும் இருந்தவர்களைக் கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பினார்கள். அவர்களில் பெரும்பாலோர் தலித் மக்கள். சேப்பாக்கத்தை ஒட்டித்தான் பக்கிங்காம் கால்வாய் போகிறது. அந்த மைதானத்தில் 12 ஆயிரம் நாற்காலிகள் பல வருடம் காலியாகக் கிடந்ததற்காக நாம் வருத்தப்பட்டோம். நகரத்துக்கு நடுவில் வாழ இடமில்லை என்று வெளியே அனுப்பப்பட்ட குடும்பங்களுக்காக அதில் பாதி வருத்தம் வந்ததா? அதே கண்ணகி நகரிலிருந்துதான் ஒரு பெண் கபடி ஆடி இந்தியாவுக்காகத் தங்கம் வாங்கினார். வாழ்த்தினோம், பரிசு கொடுத்தோம். நல்லது. அந்தக் குடியிருப்புக்கு அவர் எதற்காக ஊர் தாண்டி வர வேண்டியிருந்தது என்று எந்தப் பாராட்டு விழாவிலும் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

கேட்டால் விளையாட்டில் அரசியலைக் கலக்காதே என்பார்கள். 2018இல் காவிரிக்காகச் சேப்பாக்கத்தில் போராட்டம் நடந்தபோது அதைத்தான் சொன்னார்கள். அந்த வருடம் சென்னை அணியின் மீதி உள்ளூர் ஆட்டங்கள் புனேக்குப் போயின. வெள்ளையர் கிளப்பிலிருந்து இன்று வரை மைதானத்தின் ஒவ்வொரு அங்குலமும் அரசியலால்தான் வந்தது. நவாபின் நிலம் அரசியலால் கைமாறியது. குத்தகை அரசியலால் நீண்டது. ஸ்டாண்டு அரசியலால் பூட்டியது, அரசியலால் திறந்தது. நாம் பேசினால் மட்டும் அரசியல் ஆகிவிடுகிறது.

ஆகவே தோழர்களே, மேட்ச் பாருங்கள், ஜெர்சி போடுங்கள், கத்துங்கள், தோற்றால் சோறு சாப்பிடாமல் படுங்கள். அதையெல்லாம் விடச் சொல்லி ஒரு இயக்கம் கேட்டால் அந்த இயக்கத்தில் நானே இருக்க மாட்டேன். ஆனால் அடுத்த ஜனவரி 26க்குள், இங்கே வந்திருக்கும் ஒவ்வொரு ஊர் அணியும் தன் மைதானத்தின் புல எண்ணைக் கண்டுபிடித்து எழுதிக் கொண்டுவர வேண்டும். அமைப்பாளர்கள் அதற்கு ஒரு நோட்டுப் புத்தகம் போட்டிருக்கிறார்கள். முதல் பக்கம் காலியாக இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் அதில் அணியின் பெயரை எழுதிவிட்டுப் போங்கள்.